மீன் தொட்டிக்கு அடியில் என்ன போடுவது?

தொட்டியின் அடியில் திரியும் சின்னக் கெளுத்தி மீனான கோரிடோரஸ் மணலில் இரை தேடுவதைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து ஒருமுறை பாருங்கள். மூக்கைக் கண் வரைக்கும் மணலுக்குள் புதைக்கும், வாய் நிறைய அள்ளும், அடுத்த நொடி செவுள் இரண்டு பக்கமும் மணல் மட்டும் பொலபொலவென்று கொட்டும், புழுவோ தீனித் துணுக்கோ உள்ளே தங்கிவிடும். இதே மீனை 5 மில்லிமீட்டர் சரளைக்கல் போட்ட தொட்டியில் விட்டால் கல்லின் மேல் மீசையால் தடவிக்கொண்டே போகும், தீனி இடுக்கில் விழுந்து கிடக்கும், எட்டாது. செத்துப்போய்விடாது, மேலே கிடைப்பதைத் தின்று பிழைத்துக்கொள்ளும். ஆனால் அந்த வாயும் மீசையும் எந்த வேலைக்காக அமைந்தனவோ அதைச் செய்ய வழியில்லாமல் வைத்திருக்கிறோம்.

அடியில் என்ன போடலாம் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் நிறத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். கறுப்பா, வெள்ளையா, ஆற்றுப்படுகை மாதிரி தெரியும் பழுப்பா. கேட்பதில் தப்பில்லை, தினமும் பார்க்கப்போவது நாம்தானே. ஆனால் ஃபில்டர் சரியில்லை என்றால் வேறு வாங்கி மாட்டிவிடலாம், விளக்கை மாற்றிவிடலாம், ஒத்துவராத மீனைக்கூட யாருக்காவது கொடுத்துவிடலாம். தரையை மாற்றுவது என்றால் தொட்டியையே கலைக்க வேண்டும். அதனால் நிறத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள் என்பேன். அடியில் வாழப்போவது யார், உங்கள் குழாயில் வரும் தண்ணீர் எப்படிப்பட்டது, மண்ணில் வேர் விடும் செடி வைக்கப்போகிறீர்களா, இவற்றுக்குப் பதில் தெரிந்துவிட்டால் தேர்ந்தெடுக்க அதிகம் மிச்சம் இருக்காது.

டெட்ரா, டேனியோ, கப்பி மாதிரி நடுத்தண்ணீரிலும் மேல்தண்ணீரிலும் திரிகிற மீன்களுக்குக் கீழே என்ன இருந்தாலும் ஒன்றுதான். அடியில் வாழ்கிற கூட்டம் அப்படி இல்லை. கூலி லோச் மணலுக்குள் நுழைந்து படுத்துக்கொள்ளும், முள் விலாங்கு மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நாள் முழுக்கப் புதைந்து கிடக்கும். கூரான சரளையில் புதைய முயன்றால் தோல் கிழியும், அந்தக் காயத்தில் தொற்று வரும். ஜியோஃபேகஸ் வகைச் சிக்லிட்கள் கோரிடோரஸைப் போலவே மணலை வாயில் சலித்துத்தான் தின்னும். ஆப்பிரிக்காவின் டாங்கனிகா ஏரியில் வாழும் குட்டிச் சிக்லிட்கள் சில, காலி நத்தை ஓட்டைச் சுற்றி மணலை வாய் வாயாக அள்ளி வெளியே துப்பி, ஓட்டின் வாய்ப்பகுதி மட்டும் தெரியும்படி அதைப் புதைத்துக்கொண்டு குடித்தனம் நடத்துகின்றன. இவற்றுக்கெல்லாம் மென்மையான மணல் வேண்டும், அதில் பேரம் கிடையாது.

தங்கமீனுக்கு வேறு சிக்கல். கண்டதை வாயில் போட்டுத் துப்பிப் பார்க்கிற மீன் அது. சரளைக்கல் சரியாக அதன் வாய்க்குள் போகிற அளவாக இருந்தால் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். ஒன்று மணலாக இருக்கட்டும், இல்லை வாய்க்குள் நுழையவே முடியாத கூழாங்கல்லாக இருக்கட்டும், இரண்டுக்கும் நடுவில் உள்ள அளவுதான் அதற்கு ஆபத்து.

மீசை தேய்வதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கோரிடோரஸின் மீசை குட்டையாகிப் போனால் உடனே சரளைக்கல் மேல் பழி போடுவார்கள். கூரான கல் அதற்கு நல்லதில்லை என்பது சரி. ஆனால் வழவழப்பான மணல் போட்ட தொட்டியிலும், கழிவு தேங்கி அடிப்பகுதி நாறிப்போயிருந்தால் மீசை அரித்துப்போகும். மணலாக மாற்றிவிட்டு சுத்தம் செய்வதை விட்டுவிட்டால் பலனில்லை.

அடுத்தது தண்ணீர். அடியில் போடும் பொருள்களில் ஒரு வகை தண்ணீரோடு எந்த வம்புக்கும் போகாது: குவார்ட்ஸ் மணல், கிரானைட் சரளை, பசால்ட். இன்னொரு வகை சும்மா இருக்காது. பவளத்தூள், சிப்பி, சுண்ணாம்புக்கல், பளிங்குக்கல் சில்லு எல்லாமே கால்சியம் கார்பனேட். தண்ணீரில் மெல்ல மெல்லக் கரைந்து கடினத்தன்மையையும் பிஎச்சையும் (அமில-கார அளவு) ஏற்றிவிடும். மலாவி, டாங்கனிகா ஏரிச் சிக்லிட்கள் வளர்ப்பவர்கள் இதைத் தெரிந்தே போடுவார்கள், ஏனென்றால் அந்த ஏரிகளின் தண்ணீரே காரத்தன்மை உள்ளது, டாங்கனிகாவில் பிஎச் 9 வரைக்கும் போகும். அதே பவளத்தூளை, அமிலத் தண்ணீரை விரும்பும் டிஸ்கஸ் தொட்டியிலோ கார்டினல் டெட்ரா தொட்டியிலோ அழகுக்காகப் பரப்பினால், பிஎச் ஏன் இறங்கவே மாட்டேன் என்கிறது என்று புலம்பிக்கொண்டு அலைய வேண்டியதுதான்.

கையில் இருப்பது எந்த வகை என்று தெரியவில்லை என்றால் வினிகர் சோதனை. காய்ந்த மணலில் ஒரு கைப்பிடி எடுத்துக் கிண்ணத்தில் போட்டு வினிகரை ஊற்றுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. இங்கே கொஞ்சம் பொறுமை வேண்டும். வினிகர் பலமில்லாத அமிலம், சுண்ணாம்பு குறைவாக இருந்தால் பொங்கி வழியாது, காதைக் கிட்டே வைத்தால் மெல்லிய சலசலப்பும் கல்லில் ஒட்டிய சின்னக் குமிழிகளும்தான் இருக்கும். காய்ந்த மணலுக்குள் சிக்கியிருந்த காற்றும் முதலில் குமிழியாக வரும், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது, நிற்காமல் வந்துகொண்டே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எனக்கு இதைவிட நம்பிக்கையான வழி பக்கெட் சோதனை. கழுவிய மணலை ஒரு பக்கெட்டில் போட்டு, தொட்டிக்கு ஊற்றுகிற அதே தண்ணீரை ஊற்றி, அன்றைக்கே கார்பனேட் கடினத்தன்மையை அளந்து எழுதி வையுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். எண் ஏறியிருந்தால் அந்த மணல் உங்கள் தண்ணீரை மாற்றும். ஏறவில்லை என்றால் தாராளமாகப் போடலாம். ஒரு வாரம் காத்திருக்க யாருக்கும் மனசு வராது என்பது தெரியும், ஆனாலும் சொல்கிறேன்.

தண்ணீரை எதிர்த்திசையில் இழுக்கிற பொருள்தான் அக்வா சாயில். செடித் தொட்டிகளின் உலகத்தையே மாற்றியது என்று இதைச் சொல்லலாம். ஜப்பானியரான தகாஷி அமானோ 1982-இல் தொடங்கிய அக்வா டிசைன் அமானோ நிறுவனத்தின் அமேசோனியா சாயில் இதில் மிகப் பிரபலம், இப்போது வேறு பல நிறுவனங்களும் செய்கின்றன. மண்ணை உருண்டையாக்கிச் சூடேற்றிச் செய்வது. உருண்டைக்குள் சத்து இருக்கும், வேர் எளிதாக உள்ளே போகும், முக்கியமாக இது தண்ணீரில் உள்ள கார்பனேட்டை இழுத்துக்கொண்டு பிஎச்சை 7-க்குக் கீழே கொண்டுவரும். கிரிஸ்டல் ரெட் மாதிரியான கேரிடினா இறால்களுக்கு இதுதான் வேண்டும். செர்ரி இறாலுக்கு இதெல்லாம் தேவையே இல்லை, சாதாரண மணலிலேயே பெருகித் தள்ளும்.

சாயிலைப் பற்றிய புகழ்ச்சியில் அடிபட்டுப்போகிற விஷயங்கள் சில உண்டு. சத்து நிறைந்த சாயில்கள் தொட்டியில் போட்ட புதிதில் அம்மோனியாவைத் தண்ணீரில் கக்கும், முதல் சில வாரங்கள் அப்படித்தான். அந்தச் சமயத்தில் மீன் விட்டால் போய்ச்சேர்ந்துவிடும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் ஆகும் வரை தண்ணீரை அடிக்கடி மாற்றிக்கொண்டு காத்திருக்க வேண்டும். செடிகளை மட்டும் வைத்துக்கொண்டு காலி தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமை உள்ளவர்களுக்கு இது பிரச்சினையே இல்லை, பாக்டீரியா வளர அந்த அம்மோனியாவே தீனியாகிவிடும். அடுத்து, அந்த பிஎச் இறக்கும் சக்தி நிரந்தரம் இல்லை. ஒவ்வொரு முறை நீங்கள் கடினமான தண்ணீரை ஊற்றும்போதும் அதில் கொஞ்சம் செலவாகிக்கொண்டே போகும். ஆர்ஓ தண்ணீர் ஊற்றுபவரிடம் அதே சாயில் நீண்ட நாள் உழைக்கும், சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றுபவரிடம் சில மாதங்களிலேயே வெறும் மண் உருண்டையாகிவிடும். கடினத் தண்ணீர் உள்ளவர்கள் பிஎச்சைக் குறைக்க சாயிலை நம்புவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை.

இன்னொன்று, சாயில் காலப்போக்கில் கரைந்து சேறாகும். அதைக் கையால் கிளறக் கூடாது, அழுக்கை உறிஞ்சும் சைஃபன் குழாயை ஆழமாகக் குத்தக் கூடாது, செடியைப் பிடுங்கி வேறு இடத்தில் நட்டாலே தொட்டி கலங்கிப்போகும். குழி தோண்டுகிற மீன் எதையும் அதில் விடவே முடியாது. அடிக்கடி செடியை இடம் மாற்றிப் பார்க்கும் பழக்கம் உள்ளவரா நீங்கள்? சாயில் உங்களுக்கு வேண்டாம்.

செடி வைத்தாலே சாயில்தான் போட வேண்டும் என்று நினைப்பது வீண் செலவு. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், ஜாவா மாஸ் இவையெல்லாம் மரக்கட்டையிலோ கல்லிலோ கட்டிவிட்டால் வளர்கிறவை. அனுபியாஸின் தடித்த தண்டை மண்ணுக்குள் புதைத்தால் அழுகவே செய்யும். மிதக்கும் செடிகளுக்கும் ஹார்ன்வோர்ட்டுக்கும் தரையே தேவையில்லை. வேரால் நன்றாகச் சாப்பிடுகிறவை என்றால் அமேசான் ஸ்வோர்ட், கிரிப்டோகோரைன், வாலிஸ்நீரியா. இவற்றையும் சாதாரண மணலில் நட்டு, வேருக்குப் பக்கத்தில் ரூட் டேப் எனும் உர மாத்திரைகளைச் செருகிவிட்டால் நன்றாகவே வரும், சத்து தீர்ந்ததும் மறுபடி செருக வேண்டும், அவ்வளவுதான். மாத்திரையை ஆழமாகச் செருகுங்கள். மேலோட்டமாக வைத்தால் சத்து தண்ணீரில் கலந்து பாசி கிளம்பும். என் தொட்டிகளில் நான் செய்வது இதைத்தான், சாயில் மேல் எனக்கு ஆசை இல்லாமல் இல்லை, ஆனால் கோரிடோரஸ் மேல் அதைவிட ஆசை.

தோட்ட மண்ணையே அடியில் போட்டு மேலே மணலால் மூடும் முறையும் உண்டு. அமெரிக்கரான டயானா வால்ஸ்டாட் பெயரில் அழைக்கப்படுவது. சுமார் 1 அங்குல மண், அதன் மேல் அதே அளவு மணலோ சிறு சரளையோ, முதல் நாளே தொட்டி நிறையச் செடி. செலவு குறைவு, செடி பிய்த்துக்கொண்டு வளரும். ஆனால் உரம் கலந்த மண்ணைப் போட்டுவிட்டாலோ மூடு மணல் மெல்லியதாக இருந்தாலோ தண்ணீர் கலங்கிக்கொண்டே இருக்கும். மண்ணைத் தோண்டுகிற மீனுக்கு இதுவும் ஆகாது.

அப்புறம் அந்தக் கூமுட்டை நாற்றம். ஆழமான மணலில் பிராணவாயு கீழே போகாது, அங்கே ஹைட்ரஜன் சல்ஃபைடு உருவாகி மீன்களைக் கொன்றுவிடும் என்ற பயம் மணல் போட நினைக்கும் எல்லோருக்கும் உண்டு. வாயு விஷம்தான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் மணலைக் குத்தினால் வருகிற குமிழி எல்லாம் அது இல்லை, பெரும்பாலும் வெறும் நைட்ரஜனாகவோ கரியமில வாயுவாகவோ இருக்கும். மூக்கே சொல்லிவிடும். பிராணவாயு நிறைந்த தண்ணீருக்கு வந்ததும் ஹைட்ரஜன் சல்ஃபைடு சீக்கிரமே மாறிப்போகும் என்பதால், 3, 4 சென்டிமீட்டர் மணலில் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். வேர் விட்ட செடிகள் வேர் வழியாகக் கொஞ்சம் பிராணவாயுவை மண்ணுக்குள் விடும். மலேசிய ட்ரம்பெட் நத்தை பகலெல்லாம் மணலுக்குள் உழுதுகொண்டே இருக்கும். தீனி அதிகம் போட்டால் இந்த நத்தை ஊரே அடைக்கிற அளவுக்குப் பெருகும் என்பது வேறு கதை. ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது எப்போது என்றால், வருடக்கணக்கில் தொடாத ஆழமான மணலை ஒரேயடியாகப் புரட்டிப் போடும்போது. அதை மீன் உள்ளே இருக்கும்போது செய்யக் கூடாது. கண்ணாடி ஓரமாகப் பச்சையாகவோ கருநீலமாகவோ ஒரு பட்டை தெரிந்தால் அது வெளிச்சம் படும் இடத்தில் வளர்ந்த பாசியாகவும் இருக்கலாம், உடனே பயப்படாதீர்கள்.

மணலின் அளவைப் பொறுத்தவரை மாவு மாதிரி பொடியாக இருப்பதும் சரிவராது, இறுகிப்போகும், ஃபில்டர் ஓட்டத்தில் பறக்கும், ஃபில்டரில் சுழலும் இம்பெல்லருக்குள் போய் அதைத் தேய்க்கும். அரை மில்லிமீட்டரிலிருந்து 1 மில்லிமீட்டர் வரை உள்ள மணி எனக்குப் பிடித்தமானது. நீச்சல்குள ஃபில்டருக்குப் போடும் மணல் ஏறத்தாழ இந்த அளவில், ஒரே சீராகச் சலித்ததாக இருக்கும், மீன் கடை மணலைவிட மலிவாகவும் கிடைக்கும். விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், உங்கள் தோலைக் குத்தினால் மீனின் வாயையும் குத்தும். கல்லை உடைத்துச் செய்கிற கட்டட மணல் இந்தச் சோதனையில் அநேகமாகத் தோற்கும். கடல் மணல் வேண்டவே வேண்டாம், உப்பைக் கழுவிவிடலாம், சிப்பித் துகளைக் கழுவ முடியாது. சாயம் பூசிய நீலம், இளஞ்சிவப்புச் சரளைகளைப் பற்றி என் கருத்தைச் சொன்னால் சண்டைதான் வரும், பூச்சு உரிகிறதா என்று வெந்நீரில் ஊறவைத்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சரளைக்கு என்று இடம் இல்லாமல் இல்லை. சரளைக்கு அடியில் துளைத் தட்டாகக் கிடக்கும் அண்டர்கிராவல் ஃபில்டர் ஓடும் தொட்டிக்கு 3 முதல் 5 மில்லிமீட்டர் சரளைதான் ஒத்துவரும், மணல் போட்டால் துளைகள் அடைத்துவிடும். சைஃபனைச் சரளைக்குள் தைரியமாகக் குத்தி அழுக்கை உறிஞ்சலாம், கல் மேலே எழும்பி மறுபடி விழுந்துவிடும். மணலில் அழுக்கு மேலேயே கிடக்கும், கண்ணுக்குத் தெரியும், பலர் அதனால்தான் மணல் அசிங்கமாகிறது என்பார்கள். சரளையிலும் அதே அழுக்கு இருக்கிறது, உள்ளே ஒளிந்திருக்கிறது. எனக்குத் தெரிவதே மேல். மணலுக்கு மேலே ஒரு விரல்கடை இடைவெளி விட்டு சைஃபனை ஆட்டினால் அழுக்கு மட்டும் ஏறிவிடும்.

எவ்வளவு வாங்குவது என்பதற்கு நீளம், அகலம், ஆழம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் லிட்டர் வரும். 60-க்கு 30 தொட்டியில் 5 சென்டிமீட்டர் ஆழம் என்றால் 9 லிட்டர். காய்ந்த மணல் லிட்டருக்கு ஒன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், ஆக 14 கிலோ. செடி இல்லை என்றால் 3 சென்டிமீட்டர் போதும், கிலோவும் அந்த அளவுக்குக் குறையும். ஸ்வோர்ட் மாதிரி பெரிய வேர் உள்ளவைக்கு 6, 7 சென்டிமீட்டர் வேண்டும். முன்னால் தாழ்வாகவும் பின்னால் உயர்த்தியும் போட்டால் ஆழம் அதிகமாகத் தெரியும், ஆனால் மணல் சரிந்துகொண்டே வரும், பின்னால் கற்களைத் தடுப்பாக வைக்காவிட்டால் கொஞ்ச நாளில் சமமாகிவிடும். பெரிய பாறை வைப்பதாக இருந்தால் மணலுக்கு முன்பே, அடிக்கண்ணாடியில் ஒரு மெல்லிய ஃபோம் ஷீட் போட்டு அதன் மேல் நிறுத்திவிடுங்கள். சிக்லிட் அடியில் தோண்டினாலும் பாறை சாயாது.

மணலைக் கழுவுவது அலுப்பான வேலை, கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கெட்டில் போட்டு, கலக்கி ஊற்றி, தண்ணீர் தெளியும் வரை செய்ய வேண்டும், குறுக்குவழி இல்லை. சாயிலை மட்டும் கழுவாதீர்கள், கையிலேயே கரைந்துபோகும். தண்ணீர் நிரப்பும்போது மணல் மேல் ஒரு தட்டை வைத்து அதன் மேல் ஊற்றினால் குழி விழாது.

இனி நிறம். வெள்ளை மணலில் பல மீன்கள் வெளுத்துப்போகும், பின்னணிக்கு ஏற்பத் தோலில் உள்ள நிறத்துகள்களைச் சுருக்கிக்கொள்வதால் வருவது அது. கறுப்பிலும் அடர்பழுப்பிலும் அதே நியான் டெட்ராவின் சிவப்பு எடுப்பாகத் தெரியும். வெள்ளை மணல் புதிதில் பளிச்சென்று இருக்கும், பழுப்புப் பாசி படிந்தபிறகு பார்க்கச் சகிக்காது. புதுத் தொட்டியில் வரும் இந்தப் பழுப்புப் பாசிக்கு சிலிக்கா மணல்தான் காரணம் என்று சொல்வதுண்டு. குவார்ட்ஸ் தண்ணீரில் கரைவது மிகக் குறைவு, எந்தத் தரை போட்டாலும் ஆரம்பத்தில் அது வந்து தானாகவே போகும். இயல்பான பழுப்பு மணல் அழுக்கையும் மறைக்கும், மீனையும் வெளுக்க வைக்காது, எனக்கு வேறு எதுவும் தோன்றுவதில்லை.

குஞ்சு வளர்க்கும் தொட்டி, நோய்ப்பட்ட மீனைத் தனியே வைக்கும் தொட்டி, டிஸ்கஸ் இனப்பெருக்கத் தொட்டி இவற்றில் தரையே வேண்டாம். வெறும் கண்ணாடி, அவ்வளவுதான். மருந்து ஊற்றும் இடத்தில் மணலும் சாயிலும் குறுக்கே நிற்கக் கூடாது.

ஏற்கெனவே ஓடுகிற தொட்டியில் சரளையை எடுத்துவிட்டு மணல் போடத் தீர்மானித்திருந்தால், எல்லாவற்றையும் ஒரே நாளில் அள்ளாதீர்கள். கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாவில் பெரும்பங்கு ஃபில்டர் பஞ்சில் இருந்தாலும் அடிக்கல்லிலும் கணிசமாக ஒட்டியிருக்கும், மொத்தமாகப் போனால் அம்மோனியா ஏறும். ஒரு வாரத்துக்கு ஒரு பகுதி என்று, தண்ணீர் மாற்றும்போது அகலமான குழாயால் சரளையை உறிஞ்சி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஈர மணலைக் கிண்ணத்தில் எடுத்து அடிவரை இறக்கிக் கவிழ்த்துவிடுங்கள். கிளறும் நேரத்தில் மட்டும் ஃபில்டரை நிறுத்திவையுங்கள், மணல் அடங்கியதும் மறக்காமல் போடுங்கள். அந்த வாரங்களில் தீனியைப் பாதியாகக் குறையுங்கள், அம்மோனியாவை அளந்துகொண்டே இருங்கள், ஏறினால் தண்ணீரை மாற்றிவிட்டு அடுத்த பகுதியைத் தள்ளிப்போடுங்கள்.